ஆம்பின் முதுகில் இரண்டு ஓட்டைகள்

எங்கள் தொழிற்சாலையில் ஆயுத பூஜை அன்று ஒரு பாட்டுக் கச்சேரி உண்டு. கச்சேரி என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். பெங்களூருக்கு வெளியே ஹெப்பகோடியில் பாட்டில் மூடி செய்கிற தொழிற்சாலை எங்களுடையது. அன்றைக்கு மட்டும் மெஷின்களைக் கழுவித் துடைத்து, வாழைக்கன்று கட்டி, வாசலில் பூசணிக்காய் உடைத்துவிட்டு, சரக்கு ஏற்றுகிற மேடைக்கு மேலே ஷாமியானா போடுவார்கள். குடும்பத்தோடு வந்தவர்கள் பொரியும் கடலையும் கொறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எங்களில் பாடத் தெரிந்தவர்கள் பாடுவார்கள், வாசிக்கத் தெரிந்தவர்கள் வாசிப்பார்கள், இரண்டும் தெரியாதவர்கள் மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

நான் அங்கே மெயின்டனன்ஸ் பிரிவில் எலக்ட்ரீஷியன். கிடார் வாசிப்பேன். நன்றாக வாசிப்பேன் என்று நானே ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். வீட்டில் ஒரு பழைய ஆம்ப் இருக்கிறது. கிடாரின் சத்தத்தைப் பெருக்கித் தருகிற பெட்டி, ஒரு சின்ன பீரோவின் பாதி உயரம். அதன் முன்பக்கத்தில் ஒரு திருகு உண்டு. அதைத் திருகத் திருக கிடாரின் குரல் கரகரத்துக்கொண்டே போய், கடைசியில் லாரி ஏற்றத்தில் முக்குவதுபோல உறுமும். அந்த உறுமல்மீது எனக்கு ஒரு மோகம். அது இருந்தால் விரல் தடுக்கினாலும் யாருக்கும் தெரியாது என்பதை மட்டும் நான் வெளியே சொல்வதில்லை.

எங்கள் பாடகி பேக்கிங்கில் வேலை செய்கிறவள். முப்பது வயது இருக்கும், ஓசூர்ப் பக்கம். பேச்சில் தமிழும் கன்னடமும் ஒன்றாகவே வரும். கன்வேயர் ஓடுகிற சத்தத்துக்கு நடுவே அவள் முனகிக்கொண்டே மூடிகளை எண்ணிப் பெட்டியில் போடுவாள். நான் அந்தப் பக்கம் மோட்டார் பார்க்கப் போனால் வேலை முடிந்த பிறகும் இரண்டு நிமிடம் ஸ்க்ரூடிரைவரைத் துடைத்துக்கொண்டு நிற்பேன். அவ்வளவு சுத்தமான குரல். வேறு யாராவது அந்த லைனில் பேச்சுக் கொடுத்தால் சூப்பர்வைசர் முறைப்பார். அவள் முனகலை மட்டும் அவரும் கேட்காததுபோலக் கேட்டுக்கொண்டிருப்பார்.

போன வருடக் கச்சேரியில் அவளைக் கவிழ்த்தவன் நான்தான்.

அவள் ஒரு மெதுவான கன்னடப் பாட்டை எடுத்திருந்தாள். முன்னால் எட்டு வரி கிடார் மட்டும், அதன் கடைசிச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு அவள் ஆரம்பிக்க வேண்டும். நான் அப்போதுதான் ஒரு எக்கோ பெடல் வாங்கியிருந்தேன். காலால் மிதிக்கிற சோப்பு டப்பா அளவுப் பெட்டி. ஒரு தடவை மீட்டினால் அது அதையே மூன்று தடவை தேய்ந்து தேய்ந்து திருப்பிச் சொல்லும். கிடாரிலிருந்து பெடல், பெடலிலிருந்து ஆம்ப் என்று வயரைச் செருகி, உறுமலையும் முக்கால் வாசி வைத்து, மேடையில் ஆரம்பித்தேன். வந்தது சுரமே இல்லை. ஒன்றின்மேல் ஒன்று ஏறி விழுந்து, வெந்து குழைந்துபோன களி மாதிரி ஏதோ வந்தது. அதில் எதைப் பிடிப்பாள் அவள்? தப்பான சுரத்தில் ஆரம்பித்தாள், நிறுத்தினாள். மறுபடி வாசித்தேன், மறுபடியும் தப்பு. பின் வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். மூன்றாவது தடவை அவள் மைக்கை ஸ்டாண்டில் வைத்துவிட்டு மேடையை விட்டு இறங்கிப் போய்விட்டாள்.

எல்லோரும் அவளுக்கு மேடைப் பயம் என்று சொன்னார்கள். கோளாறு என் வயரில் இருந்தது என்று எனக்குப் பாதி தெரியும். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. திறக்காமல் இருந்தது அந்த நேரத்தில் வசதியாகவும் இருந்தது, அதை மறைத்து என்ன பயன். அதற்கு அடுத்த வாரத்திலிருந்து அந்த லைனில் முனகல் நின்றுபோனது. ஒரு வருடம் முழுக்க நான் மோட்டார் பார்க்கப் போகும்போதெல்லாம் கன்வேயர் மட்டும்தான் சத்தம் போட்டது. அவள் என்னைப் பார்த்தால் சிரிப்பாள், சாப்பிட்டாச்சா அண்ணா என்று கேட்பாள். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

கோளாறின் மீதிப் பாதி தெரிந்தது பெங்களூர் பிரேசர் டவுனில். கிடார்க் கம்பி வாங்க அங்கே ஒரு சின்னக் கடைக்குப் போவேன். கல்லாவில் இருக்கிற பெண் நன்றாகக் கிடார் வாசிப்பவள், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வாசிப்பதாகச் சொல்லியிருக்கிறாள். எக்கோ பெடல் சரியில்லை, எல்லாம் கலங்கி வருகிறது, கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று அவளிடம் பொரிந்து தள்ளினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "லூப்ல தானே சார் போட்டிருக்கீங்க?" என்றாள்.

"பின்னே," என்றேன்.

லூப் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. இருபது வருடம் பேனல் போர்டில் வயர் இழுத்தவன் ஒரு சின்னப் பெண்ணிடம் அதைக் கேட்பதாவது. கம்பியை வாங்கிக்கொண்டு மிடுக்காக வெளியே வந்தேன். ஓசூர் ரோட்டு நெரிசலில் பஸ் நின்ற இடத்திலெல்லாம் போனில் தேடிப் படித்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்து சட்டையைக்கூட மாற்றாமல் ஆம்பைச் சுவரிலிருந்து இழுத்துத் திருப்பிப் பார்த்தால், முதுகில் இரண்டு ஓட்டைகள். ஒன்றின் மேல் சென்ட், இன்னொன்றின் மேல் ரிட்டர்ன் என்று எழுதியிருக்கிறது. ஆறு வருடமாக அவை சுவரைப் பார்த்தபடி இருந்திருக்கின்றன.

விஷயம் இதுதான். ஆம்புக்குள் இரண்டு பகுதி உண்டு. முதல் பகுதி கிடாரின் குரலை உறும வைக்கும். இரண்டாவது பகுதி அந்த உறுமலைப் பெரிதாக்கி ஸ்பீக்கருக்குத் தள்ளும். இரண்டுக்கும் நடுவே இருக்கிற வாசல்தான் அந்த ஓட்டைகள். சென்ட் வழியாகச் சத்தத்தை வெளியே எடுத்து, எக்கோ பெடலுக்குள் விட்டு, ரிட்டர்ன் வழியாகத் திரும்ப உள்ளே அனுப்ப வேண்டும். இந்தச் சுற்றுக்குத்தான் லூப் என்று பெயர். அப்போது உறுமல் முதலில் முடிந்துவிடும், எக்கோ அதற்குப் பிறகு சுத்தமாகச் சேரும். நான் செய்தது தலைகீழ். எக்கோவை முதலில் சேர்த்து, எக்கோ மொத்தத்தையும் உறும வைத்திருக்கிறேன்.

இதை என் மனைவியிடம் படம் போட்டு அரை மணி நேரம் விளக்கினேன். நர்சரி பள்ளியில் ஆசிரியை அவள். யார் என்ன சொன்னாலும் முடிகிறவரை கேட்கிற பழக்கம் உண்டு. கேட்டு முடித்துவிட்டுச் சொன்னாள்:

"சட்னிய அரைச்சிட்டுத் தாளிக்கணும். நீங்க தாளிச்சிட்டு மிக்ஸில போட்டிருக்கீங்க. இதுக்கா படம்?"

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அதைவிடத் தெளிவாக இன்றுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு ஒரு மாதம் ஆம்ப் திரும்பியே கிடந்தது. வயரைச் செருகுவதும் பிடுங்குவதுமாக இருந்ததால் அதன் முதுகுதான் கூடத்தைப் பார்த்து இருந்தது. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அந்த இரண்டு ஓட்டைகளைக் காட்டி, இந்தப் பெட்டியின் உயிரே இங்கேதான் இருக்கிறது என்று பெருமை அடித்தேன். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர்கூடத் தப்பவில்லை. இந்தப் பெருமை எங்கே கொண்டுபோய் விடும் என்று அப்போது தெரியவில்லை.

கச்சேரிக்கு மூன்று வாரம் இருக்கும்போது கேன்டீனில் பாடகியின் எதிரில் தட்டை வைத்து உட்கார்ந்தேன். போன வருடம் நடந்தது என் தப்பு, உன் தப்பில்லை, வயரை மாற்றிப் போட்டிருந்தேன் என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். அவள் சாம்பாரைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"எனக்குத் தெரியும்ணா. நீங்க எப்ப சொல்வீங்கன்னுதான் பாத்துட்டிருந்தேன்."

ஒரு வருடமாக எல்லோரும் மேடைப் பயம் என்று சொன்னபோது அவள் அதையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். மறுபடி பாடுகிறாயா என்று கேட்டேன்.

"பாடுறேன். ஆனா மொதல் சுரம் எனக்குக் கிளீனா கேக்கணும். கேக்கலைன்னா வாயே தெறக்க மாட்டேன், எறங்கிடுவேன். அதுக்கப்பறம் யாரும் என்னைப் பாடுன்னு கேக்கக் கூடாது."

அதே பாட்டுதான் பாடுவேன் என்றும் சொன்னாள். சனிக்கிழமை கேன்டீனில் ஒத்திகை வைத்தோம். பெடலை லூப்பில் போட்டு, உறுமலைப் பாதி வைத்து வாசித்தேன். கடைசிச் சுரம் பளிச்சென்று நின்றது, எக்கோ அதன் பின்னாலேயே பணிவாக வந்தது. அவள் பாராட்டுவாள் என்று தலையைத் தூக்கினேன். "கேக்குது," என்றாள். அவ்வளவுதான். அது எனக்குப் போதும்.

ஆயுத பூஜை அன்று காலை நான் குளித்துவிட்டு வருவதற்குள் வீட்டில் பூஜை பாதி முடிந்திருந்தது. எங்கள் வீட்டில் அன்றைக்கு எதுவும் பொட்டு இல்லாமல் இருக்க முடியாது. ஸ்கூட்டர், மிக்ஸி, தையல் மெஷின், என் டூல்பாக்ஸ், குழந்தைகளின் ஜியாமெட்ரி பாக்ஸ் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், பூ. வாடகை வண்டி வாசலில் ஹாரன் அடிக்க, நான் அவசரமாக ஆம்பைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனேன். பொட்டு எங்கே வைத்திருக்கிறாள் என்று பார்க்கவில்லை.

தொழிற்சாலை மேடையில் போர்வையை எடுத்ததும் தெரிந்தது. முன்பக்கம் வெறுமையாக இருந்தது. பொட்டெல்லாம் முதுகில். பெட்டியின் உயிர் அங்கே இருக்கிறது என்று நான்தானே ஒரு மாதமாக ஊருக்கெல்லாம் சொன்னேன். ரிட்டர்ன் ஓட்டைக்கு மேலே சந்தனமும் குங்குமமும் அழகாக வட்டமாக இருந்தன. சென்ட் ஓட்டையில் ஒரு மஞ்சள் சாமந்திப்பூ. பூ நிற்பதற்கு ஒரு இடம் வேண்டும் அல்லவா, காம்பை அதற்குள் செருகியிருக்கிறாள்.

இந்த இடத்தில் நிதானமாக இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. முன்னால் பாடியவர் முடித்துவிட்டார், அடுத்தது நாங்கள் என்று அறிவித்துவிட்டார்கள், நான் எரிச்சலில் பூவை ஒரு இழுப்பு இழுத்தேன். பூ கையோடு வந்தது. காம்பு உள்ளேயே ஒடிந்து நின்றுவிட்டது.

வயரின் முனையைச் செருகினால் பாதிதான் போகிறது. கிடாரைத் தட்டினால் ஒன்றும் வரவில்லை. கரண்ட் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மண்டி போட்டு, டூல்பாக்ஸை வண்டியிலேயே விட்டுவிட்ட என் புத்தியைத் திட்டிக்கொண்டு, விரல் நகத்தால் நோண்டினேன். பாடகி மைக் முன்னாலிருந்து திரும்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாக என் பக்கத்தில் வந்து குனிந்தாள். பூக்காம்பு என்று காட்டினேன். அவள் புடவையிலிருந்து ஒரு சேஃப்டி பின்னைக் கழற்றிக் கொடுத்தாள். அதை வைத்துக் குத்தினேன். காம்பு இன்னும் உள்ளே போய்விட்டது. நர்சரிக் குழந்தைகளுக்குப் பூக்கட்டக் கற்றுக்கொடுக்கிறவள் காம்பைக் கொஞ்சம் சின்னதாகக் கிள்ளியிருக்கக் கூடாதா என்று மனதுக்குள் கத்தினேன். முதல் வரிசையில் என் மனைவி பொரி சாப்பிட்டுக்கொண்டு, கை காட்டிச் சிரித்தாள்.

பின்வரிசையில் சலசலப்பு ஆரம்பித்தது. ஒரு விசில் வந்தது. பாடகியின் முகம் போன வருடத்து முகமாக மாறுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

"நான் எறங்கிடட்டுமாண்ணா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. அது ரொம்ப வலித்தது.

ஒரு நிமிடம் கொடு என்றேன். அப்போதுதான் கிடார்க்காரனை நகர்த்திவிட்டு எனக்குள் இருக்கிற எலக்ட்ரீஷியன் முன்னால் வந்தான். ஒரு லைனில் நடுவே அடைப்பு என்றால் அடைப்புக்கு அந்தப் பக்கம் போய் இணைப்புக் கொடுப்பதுதான் என் தினசரி வேலை. சென்ட் அடைத்துவிட்டது, காம்பு உள்ளே இருக்கிற தகட்டைத் தள்ளிவிட்டதால் முதல் பகுதியிலிருந்து எந்த வழியிலும் சத்தம் வராது. ரிட்டர்ன் திறந்திருக்கிறது. கிடாரை நேராக எக்கோ பெடலில் செருகி, பெடலை நேராக ரிட்டர்னில் செருகினால் சத்தம் ஸ்பீக்கருக்குப் போய்விடும். ஆனால் முதல் பகுதி மொத்தமும் விட்டுப்போகும். உறுமல் இருக்காது, கரகரப்பு இருக்காது. கிடார் மொட்டையாக, உள்ளது உள்ளபடி கேட்கும். விரல் தடுக்கினால் அதுவும் கேட்கும்.

எனக்குப் பயமாக இருந்தது. ஆட்கள் முன்னால் அப்படி நான் வாசித்துப் பல வருடமாகிவிட்டது. வீட்டில்கூட அப்படி வாசிக்க மாட்டேன். ஆனால் ஒரு பக்கம் என் விரல், ஒரு பக்கம் அவள் குரல். வயரை மாற்றிச் செருகிவிட்டுக் கரண்ட் கொடுத்தேன். சத்தம் குறைவாகத்தான் வந்தது. சவுண்டுக்காரரிடம் ஒரு மைக்கை ஆம்பின் ஸ்பீக்கர் துணியோடு ஒட்டி வைத்துச் சத்தத்தை ஏற்றச் சொன்னேன். பெடலில் சத்தத்தைக் கூட்டுகிற திருகையும் முழுக்கத் திருகினேன்.

எட்டு வரியையும் மெதுவாக வாசித்தேன். மூன்றாவது வரியில் ஒரு விரல் வழுக்கியது, அது எல்லோருக்கும் கேட்டிருக்கும். ஒளிந்துகொள்ள இடமில்லை என்று தெரிந்துவிட்டால் ஒருவிதத்தில் நிம்மதியாகவும் இருக்கிறது. கடைசிச் சுரத்தை மீட்டி விட்டேன். அது தனியாக நின்றது. எக்கோ ஒருமுறை, இரண்டுமுறை, மூன்றாவது முறை கேட்டதா இல்லையா என்று தெரிவதற்குள் அவள் அந்தச் சுரத்திலேயே ஆரம்பித்தாள்.

பாட்டு முழுவதையும் பாடினாள். கூட்டம் மெய்மறந்து பொரி கொறிப்பதை நிறுத்தியது என்று எழுத ஆசைதான், அவர்கள் நிறுத்தவில்லை. ஆனால் விசிலடித்த பின்வரிசை அமைதியாகிவிட்டது. இரண்டாவது சரணத்தில் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நான் அவளுக்குப் பின்னால் ஒவ்வொரு வரியின் முடிவிலும் இரண்டே சுரம் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டேன். அதற்கு மேல் அந்தப் பாட்டுக்கு எதுவும் தேவைப்படவில்லை. என் கண் கலங்கியது, பழியைச் சாம்பிராணிப் புகைமேல் போட்டேன்.

கைதட்டல் முடிந்து அவள் என்னிடம் வந்தாள். சேஃப்டி பின்னைத் திருப்பிக் கொடுத்தேன். அதைப் புடவையில் குத்திக்கொண்டே கேட்டாள்:

"போன வருசமும் இப்படியே வாசிச்சிருக்கலாம்லண்ணா?"

ஆமாம் என்றேன். லூப்பைப் பற்றி நான் ஒரு மாதம் படித்தது எல்லாம் என் உறுமலைக் காப்பாற்றத்தான். அவளுக்கு வேண்டியது உறுமலே இல்லாத ஒரு சுரம். உறுமல் வேண்டுமா என்று நான் கேட்டிருந்தால் கேன்டீனிலேயே வேண்டாம் என்று சொல்லியிருப்பாள். கேட்க எனக்குத் தோன்றவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது என் மனைவியிடம் பூக்காம்பு விஷயத்தைக் கொஞ்சம் குற்றம்சாட்டுகிற குரலில் சொன்னேன். அவள் வருத்தப்படுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"அப்ப இன்னிக்கு அரைக்கவே இல்ல, தாளிப்பு மட்டும்தானா? அதான் நல்லா இருந்துச்சு," என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆம்பைத் திறந்து, ஒரு சின்ன இடுக்கியால் காம்பை வெளியே எடுத்தேன். காய்ந்து சுருங்கி, தீக்குச்சியின் பாதிகூட இல்லை. சென்ட் சரியாகிவிட்டது. உறுமலை முழுக்க வைத்துப் பத்து நிமிடம் ஆசை தீர வாசித்தேன். அந்த மோகம் எனக்குப் போகவில்லை, போகும் என்று வாக்குக் கொடுக்கவும் மாட்டேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்ததும் நிறுத்திக்கொண்டேன்.

திங்கட்கிழமை பேக்கிங்கில் ஒரு கன்வேயர் மோட்டார் சூடாகிறது என்று கூப்பிட்டார்கள். பெல்ட்டைத் தளர்த்திவிட்டு, மோட்டாரின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அது கேட்டது. மெதுவாகத்தான். மூடிகள் பெட்டியில் விழுகிற சத்தத்துக்கு நடுவே அவள் அந்தப் பாட்டை முனகிக்கொண்டிருந்தாள். எட்டு வரிக் கிடாரையும் சேர்த்தே முனகினாள். மூன்றாவது வரியில் நான் வழுக்கிய இடம் வந்ததும், அதையும் விடாமல் அப்படியே வழுக்கிவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தாள்.